பழைய பின்பால் (உருளும் பந்தைத் தட்டி ஆடும் காசு இயந்திரம்) வாங்கப் போகிறீர்களா? முதலில் தலைப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

"சின்ன ஃபியூஸ் கோளாறுதான், மாத்தினா ஓடிடும்" என்பவரிடம் விலை பேசாதீர்கள். ஃபியூஸ் சில வெள்ளிதான். அவ்வளவுதான் கோளாறு என்றால் அவரே மாற்றியிருப்பார்.

பிளக்கைச் செருகும் முன்பே பாதி வேலை முடிய வேண்டும். அமெரிக்காவுக்குச் செய்த இயந்திரம் 120 வோல்ட். நம் மலேசிய வீட்டுக் கரண்ட் 230-240. சிலர் மூன்று முனைப் பிளக்கை மட்டும் மாட்டி, உள்ளே டிரான்ஸ்பார்மர் இணைப்பை 120 வோல்ட்டிலேயே விட்டிருப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸும், மிகை வோல்ட்டைத் தடுக்கும் வேரிஸ்டரும் வெடிக்கும்.

அடுத்து தலைப்பெட்டி, அதாவது பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், மின் போர்டுகள் உள்ள பெட்டி. சாவி தொலைந்துவிட்டது என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள். 1990களின் வில்லியம்ஸ், பேலி இயந்திரங்களின் சிபியூ போர்டில் (மூளையான மின் பலகை) மூன்று ஏஏ பேட்டரிகள் இருக்கும். கசிந்தால் பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்துவிடும். விற்பதற்காகப் புது பேட்டரி போட்டிருக்கலாம். அதனால் சுற்றியுள்ள ஐசி சில்லுகளின் கால்களில் டார்ச் அடித்து, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ்களைக் கழற்றி, முனையில் பொறித்த ஆம்பியரைப் போர்டில் அச்சிட்டதோடு ஒப்பிடுங்கள். ஃபியூஸில் அலுமினியத் தாள் சுற்றியிருந்தால் யாரோ ஒரு ஷார்ட் சர்க்யூட்டை மறைத்திருக்கலாம்.

பந்துகளை எடுத்துவிட்டு ஆட்டப் பலகையைத் தூக்குங்கள். காயில்களின் (பந்தைத் தள்ளும் பாகங்களை இயக்கும் கம்பிச்சுருள்கள்) மேலுறை கருகியிருக்கிறதா? பினாங்கில் கடலோர வீடு என்றால் துரு, ஒட்டுப்பலகை பிளவு இரண்டையும் தேடுங்கள். பெட்டியின் அடிப்பலகையை விரலால் தட்டினால் கரையான் தின்ற இடம் பொள்ளென்று ஒலிக்கும். ரப்பர் வளையம், பல்பு போனதெல்லாம் பெரிய குறையே இல்லை. ஆட்டப் பலகையின் பெயிண்ட் மரம் வரை தேய்ந்திருந்தால்தான் சிக்கல்.

இனி ஓட்டிப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்ற வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். காசுக் கதவின் உள்ளே இருக்கும் பொத்தான்களால் டெஸ்ட் மெனுவுக்குப் போய் சுவிட்ச், காயில், விளக்கு மூன்றையும் சோதியுங்கள். பிந்தைய மாடல்களில் அந்தக் கதவு திறந்திருந்தால் காயில்களுக்குக் கரண்ட் போகாது. பிலிப்பர் (பந்தைத் தட்டும் மட்டை) அசையவில்லை என்று பயப்பட வேண்டாம். (இது தெரியாமல் மலிவாக விற்றவர்களும் உண்டு.) பிறகு 20 நிமிடம் விளையாடுங்கள். சூடானபின் பிலிப்பர் தளர்ந்தால், அதன் காயிலின் உள்குழாயான ஸ்லீவும் தடுப்பான ஸ்டாப்பும் தேய்ந்திருக்கலாம். ரீபில்ட் கிட் (மாற்றுப் பாகத் தொகுப்பு) வேண்டும், அதை விலையில் கழியுங்கள்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு பினாங்கு விற்பவருக்கு முன்பணம் அனுப்பும் முன், வீடியோ அழைப்பில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவரது வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997-ஐ அழையுங்கள்.

எடை 110 கிலோவுக்கு மேல் இருக்கும். இயந்திரத்தின் கால்களைக் கழற்றி, தலைப்பெட்டியை மடக்கிக் கட்டிய பிறகே லோரியில் ஏற்றுங்கள். கொண்டோ லிஃப்டை முந்தின நாளே அளந்து வையுங்கள்.