புருஸ்கெட்டா நமத்துப் போவது ஏன்?

சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, மேலே தக்காளி வைக்கும் இத்தாலியப் பண்டமான புருஸ்கெட்டா பெரும்பாலும் ஒரு முக்கியக் காரணத்தால் கெடுகிறது: தக்காளித் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்கிவிடுகிறது. மேலே போடுவதில் காட்டும் அக்கறையை ரொட்டியில் காட்டாததும் ஒரு காரணம். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் நவம்பர் வாக்கில் புது ஆலிவ் எண்ணெய் ஆட்டி வந்ததும் செய்யும் ஃபெட்டுன்டா என்ற வகையில் தக்காளியே கிடையாது. சுட்ட ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அதுவே ருசியாக இருக்கும்படி செய்யத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பால், சர்க்கரை சேர்த்த சாண்ட்விச் ரொட்டி இதற்கு ஆகாது. சர்க்கரை சீக்கிரம் கருகும். மெத்தென்ற உள்பகுதி ஈரம் பட்டதும் கூழாகும். தடித்த மேலோடும் உள்ளே பெரிய கண்களும் உள்ள புளித்த மாவு ரொட்டி வேண்டும். தென் இத்தாலியின் புல்யா பகுதியின் அல்தமுரா ரொட்டி, துரும் என்ற கடினக் கோதுமையின் ரவை மாவில் செய்வதால், இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். முந்தைய நாள் ரொட்டி இன்னும் நல்லது. ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கனத்துக்கு வெட்டுங்கள். மெல்லிசாக வெட்டினால் அது குரொஸ்தீனி என்ற வேறு பண்டம். தக்காளியின் எடை தாங்காது.

சுடுவதற்கு முன் எண்ணெய் தடவுவது பலரும் செய்யும் தவறு. நல்ல எண்ணெயின் வாசம் சூட்டில் போய்விடும், ரொட்டியும் வறுத்ததுபோல் ஆகிவிடும். வெறும் ரொட்டியைக் கரி அடுப்பிலோ நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லிலோ பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சுட்டால் போதும். ஓரங்களில் கரும்புள்ளி விழலாம். சிறு தீயில் நெடுநேரம் வைத்தால் உள்ளே வரை காய்ந்து ரஸ்க் ஆகி, மேலண்ணத்தைக் கீறும். வெளியே மொறுமொறுப்பு, நடுவில் மெதுமெதுப்பு: அதுதான் பதம்.

பூண்டை நறுக்கித் தக்காளியில் கலக்காதீர்கள். நறுக்கிய பச்சைப் பூண்டின் காரம் நேரம் ஆக ஆக மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஒரு பல்லைப் பாதியாக வெட்டி, ரொட்டி சுடச்சுட இருக்கும்போதே இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். சொரசொரப்பான மேற்பரப்பே துருவிக்கொள்ளும். ஆறிய ரொட்டியில் அந்த வாசம் சரியாக ஏறாது.

இனி தக்காளி. நான்கு துண்டுகளுக்கு 400 கிராம், நன்கு பழுத்தது. குளிர்சாதனப் பெட்டியில் நாள்கணக்கில் இருந்த பழம் வேண்டாம். குளிரில் அதன் மணம் குறையும். ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, அரை தேக்கரண்டி உப்பு பிசிறி, வடிகட்டியில் 15 முதல் 20 நிமிடம் விட்டுவிடுங்கள். உப்பு இழுக்கும் தண்ணீர் கிண்ணத்தில் வடியட்டும். ரொட்டிமேல் வைத்த பிறகு உப்புத் தூவினால் அதே தண்ணீர் ரொட்டிக்குள்தான் போகும். விதையைச் சுற்றிய கொழகொழப்பை வழித்து எறியச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அது வீண்: சதையைவிட அதில்தான் சுவை அதிகம். வடித்தாலே போதும். வடிந்த சாற்றையும் கொட்ட வேண்டாம், ரசத்துக்கு ஆகும்.

வடித்த தக்காளியில் இரண்டு மேசைக்கரண்டி எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் சேருங்கள். பூண்டு தேய்த்த ரொட்டியிலும் சில சொட்டு விடுங்கள். அந்த எண்ணெய்ப் படலம் ஈரம் இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பேசில் இலையைக் கையால் கிள்ளிக் கடைசியில் போடுங்கள், மழுங்கிய கத்தியில் நசுங்கினால் கறுத்துவிடும். பேசில் கிடைக்காவிட்டால் கோயில் துளசி மாற்றாகாது. திருநீற்றுப்பச்சிலை அதே இனம்தான், ஆனால் செடிக்குச் செடி மணம் மாறும் என்பதால் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பால்சாமிக் வினிகர் பாகு, துருவிய சீஸ் எல்லாம் இதற்குத் தேவையே இல்லை.

விருந்தென்றால் முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். சுட்ட ரொட்டியைத் தட்டில் படுக்கப் போட்டால் அதன் ஆவியிலேயே அடிப்பக்கம் நமத்துவிடும். கம்பித் தட்டில் வையுங்கள். தக்காளியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, பரிமாறும்போதுதான் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.