மிளகாய்க் களிம்பை மூட்டுவலிக்குப் பூசும் முறை

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பை வாங்கியவர்களில் பலர் நாலே நாளில் அதை ஓரங்கட்டிவிடுகிறார்கள். வலி அப்படியே இருக்கிறது, தோல்தான் எரிகிறது என்பார்கள். வலிக்கும்போது மட்டும் தைலம்போலத் தடவினால் அப்படித்தான் ஆகும். இந்த மருந்து விடாமல் பூசினால்தான் வேலை செய்யும். காரணம் நரம்பு முனையில் இருக்கிறது.

வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி உண்டு. 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு அதைக் கண்டறிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கும் வாயில் அது. கேப்சைசின் பட்டால் சூடே இல்லாமல் திறந்துவிடும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாய, 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். தோல் வெந்திருக்காது. வீங்கிய மூட்டில் அமிலத்தன்மை கூடுவதால் இந்த வாயில் இன்னும் குறைந்த சூட்டிலேயே திறக்கும்.

தொடர்ந்து பூசும்போது ஏற்பி மந்தமாகிறது. அதிகக் கால்சியத்தால் நரம்பு முனைகள் செயலிழந்து, தோலின் மேலடுக்கிலிருந்து பின்வாங்குகின்றன. வலிச் செய்தியைக் கடத்த உதவும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளும் அங்கே குறைகிறது. தொடு உணர்வைக் கடத்தும் தடித்த இழைகளில் இந்த ஏற்பி பெரும்பாலும் இல்லாததால் தொட்டால் தெரியும். பூசுவதை நிறுத்தினால் முனைகள் மீண்டும் வளர்ந்துவிடும். இடையிடையே விட்டு விட்டுப் பூசுகிறவருக்கு எரிச்சல் மட்டும்தான் மிச்சம்.

முழங்கால் அல்லது கைமூட்டுத் தேய்மானத்துக்கு 0.025% களிம்பு போதும். அக்கி ஆறியபின் நீடிக்கும் நரம்பு வலிக்கு 0.075%, அதுவும் புண் முழுக்க ஆறிய பிறகு. வாங்கும்போது குழாயின் பின்பக்கம் படியுங்கள்: கேப்சைசினோடு டைக்ளோஃபெனாக், மெந்தால், மீதைல் சாலிசிலேட் போன்ற வேறு வலி மருந்துகளும் கலந்த ஜெல்கள் ஏராளம். எது எரிகிறது, எது உதவுகிறது என்று அவற்றில் கண்டுபிடிக்கவே முடியாது.

பூசும் தோல் உலர்ந்து, குளிர்ந்து இருக்க வேண்டும். முழங்காலுக்குப் பட்டாணி அளவு எடுத்து, மிச்சம் தெரியாதபடி தேய்த்துவிடுங்கள். தடிமனாகப் பூசினால் காய்ந்து உதிரும் தூளே இருமலை வரவழைக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை, இடையில் குறைந்தது நான்கு மணி நேரம். மேலே கட்டுப் போட வேண்டாம். பூசுவதற்குச் சற்று முன்னும் பின்னும் வெந்நீர்க் குளியல், ஒத்தடம், கடும் வெயில் மூன்றும் ஆகாது. ஏற்கெனவே உணர்வு கூடியிருக்கும் ஏற்பியை அவை மேலும் தூண்டிவிடும்.

கேப்சைசின் கொழுப்பில் கரைவது. வெறும் தண்ணீரில் போகாது. முதலில் கையில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கைமூட்டுக்கே பூசியிருந்தால் அரை மணி நேரம் கழித்துக் கழுவலாம். அதுவரை கண், மூக்கு, காண்டாக்ட் லென்ஸ், குழந்தை எதையும் தொடக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், எண்ணெய் வேண்டாம்.

முதல் ஓரிரு வாரம் எரியும், பிறகு தணியும். வலி குறைவது தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம். சிவப்பு, லேசான எரிச்சல் இயல்பு. கொப்புளம் வந்தாலோ எரிச்சல் தாங்க முடியாமல் போனாலோ கழுவிவிட்டு நிறுத்துங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. புண் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

மிளகாயை அரைத்து எண்ணெயில் காய்ச்சி வீட்டிலேயே செய்துகொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். 0.025% என்றால் ஒரு கிராம் களிம்பில் கால் மில்லிகிராம். காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, அதைத் தாங்கும் வெள்ளைத் தசையில். அது காய்க்குக் காய் மாறும். அளவு தெரியாத கலவை தோலைப் புண்ணாக்கிவிடும்.

8% ஒட்டுப்பட்டை என்று ஒன்றும் உண்டு. அதை மருத்துவமனையில்தான் ஒட்ட வேண்டும்: பாதத்தில் 30 நிமிடம், அக்கி வலிக்கு 60 நிமிடம். ஒட்டுபவர் நைட்ரைல் கையுறை அணிய வேண்டும், லேடக்ஸ் காப்பாற்றாது. ஒருமுறை ஒட்டினால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான்.