பேர விடுங்க, தெருவ புடிங்க: பழைய அமெரிக்க சென்சஸ்ல குடும்பத்த தேடுறது எப்படி

எங்க பக்கத்து வீட்ல ஒரு பாட்டி இருக்காங்க, எண்பது தாண்டியாச்சு, அவங்களோட தாத்தா இத்தாலில இருந்து நியூ ஜெர்சிக்கு கப்பல்ல வந்தவரு. போன குளிர்காலத்துல ஒரு நாள் காபி குடிக்க கூப்பிட்டப்போ பேச்சு பழைய சென்சஸ் பக்கம் போச்சு, "எங்க வீட்டு பேரு அதுல இருக்குமா, நீ கம்ப்யூட்டர்ல பாத்து சொல்றியா"ன்னு கேட்டாங்க, அங்க ஆரம்பிச்சதுதான். இப்போ நான் மூணு நாலு குடும்பத்துக்கு தேடி குடுத்துட்டேன், எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: பேர போட்டு தேடி கிடைக்கலன்னா இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. நம்ம ஊர்ல ஒருத்தர விசாரிக்கும்போது என்ன கேப்போம், எந்த ஊரு, எந்த தெரு, யாரு வீட்டுக்கு பக்கத்துலன்னுதானே, அதே மாதிரிதான் இங்கயும் தேடணும்.

முதல்ல எது தொறந்திருக்கு எது பூட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல பத்து வருஷத்துக்கு ஒரு தடவ, 1790-ல இருந்து சென்சஸ் எடுக்கறாங்க. ஆள் பேரோட இருக்கற தாள 72 வருஷம் கழிச்சுதான் ஜனங்களுக்கு தொறப்பாங்க. 1952-ல சென்சஸ் ஆபீசும், பழைய ஆவணத்தையெல்லாம் பாதுகாக்கற அரசாங்க காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸும் தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டது, 1978-ல சட்டமாவே ஆயிடுச்சு. அதனால 1940 சென்சஸ் 2012 ஏப்ரல் 2-ம் தேதி தொறந்தாங்க, 1950 சென்சஸ் 2022 ஏப்ரல் 1-ம் தேதி. அடுத்தது 1960, அதுக்கு 2032 ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும். நடுவுல 1890 மட்டும் கிட்டத்தட்ட மொத்தமா போச்சு, 1921 ஜனவரில வாஷிங்டன்ல ஒரு கட்டடத்துல தீ புடிச்சு எரிஞ்சதும் தண்ணில நனைஞ்சதும் போக மிச்சத்தையும் பின்னாடி அழிச்சுட்டாங்க, ஆறாயிரத்து சொச்சம் பேர் விவரம்தான் தப்பிச்சுது. அதனால 1880-க்கும் 1900-க்கும் நடுவுல ஒரு இருபது வருஷ ஓட்டை எல்லா குடும்பத்துலயும் விழும், உங்க தேடல்ல தப்பு இல்ல.

காசு குடுக்கணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. வேண்டாம். 1950-க்கு நேஷனல் ஆர்கைவ்ஸே தனியா ஒரு சைட் வெச்சிருக்கு, அக்கவுன்ட் கூட வேண்டாம், படத்த அப்படியே டவுன்லோட் பண்ணிக்கலாம், அரசாங்க ஆவணம்ங்கறதால காப்பிரைட்டும் கிடையாது. மத்த வருஷங்களுக்கு ஃபேமிலிசர்ச்ன்னு ஒரு சைட், மார்மன் சர்ச் நடத்தறது, ஒரு ஃப்ரீ அக்கவுன்ட் போட்டா போதும். ஆன்செஸ்ட்ரி மாதிரி காசு கட்டற சைட்டுக்கு உடனே கார்டு நம்பர் குடுக்காதீங்க, நெறைய ஊர் லைப்ரரில அதோட லைப்ரரி எடிஷன் இருக்கும், உள்ள போய் உக்காந்து ஃப்ரீயாவே பாக்கலாம்.

தேடுறத பின்னால இருந்து முன்னால போங்க, அதாவது 1950-ல ஆரம்பிச்சு 1940, 1930ன்னு படி படியா எறங்கணும். எடுத்த எடுப்புல கப்பல்ல வந்த கொள்ளுத்தாத்தாவ தேடுனா அதே பேர்ல நாப்பது பேர் நிப்பாங்க, யாரு நம்ம ஆளுன்னு தெரியாது. 1950-ல அவரோட மகனையோ மகளையோ புடிச்சீங்கன்னா அவங்க கூடப்பொறந்தவங்க பேரு, தெரு, வேலை எல்லாம் கைக்கு வந்துரும், அத வெச்சு அடுத்த படிக்கு போகலாம்.

சரி, பேரு ஏன் காலை வாருதுன்னு சொல்றேன். கணக்கு எடுக்க வந்தவரு காதுல விழுந்தத எழுதுனாரு. எழுதுனது அவரோட கையெழுத்துல. 1950-க்கு அத கம்ப்யூட்டரே படிச்சுதான் முதல் இன்டெக்ஸ், அதாவது தேடுறதுக்கான பேர் பட்டியல், போட்டாங்க, அப்புறம்தான் ஜனங்கள வெச்சு திருத்துனாங்க. இந்த மூணு எடத்துல எங்க வேணா பேரு மாறும். இதுக்கு மேல, ஒரே வீட்ல ஒரே குடும்பப் பேரா இருந்தா முதல் ஆளுக்கு மட்டும் முழுசா எழுதிட்டு மீதி பேருக்கு வெறும் கோடு போட்டுடுவாங்க, அதனால குடும்பத் தலைவர் பேர போட்டு தேடுறதுதான் நல்லது. ஜியோவானி ஒரு வருஷம் ஜான் ஆயிருப்பாரு, அடுத்த சென்சஸ்ல மறுபடி ஜியோவானி ஆயிருப்பாரு, ரெண்டும் ஒரே ஆளுதான். குடும்பப் பேர விட்டுட்டு முதல் பேரு, தோராயமா வயசு, பொறந்த நாடு, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), இத மட்டும் போட்டும் ஒரு தடவ தேடி பாருங்க, நெறைய பேருக்கு அதுலயே கிடைச்சிருக்கு.

எங்க பக்கத்து வீட்டு பாட்டி விஷயத்துல அதுவும் கிடைக்கல. ரெண்டு சாயந்திரம் பேர விதவிதமா எழுதி பாத்தோம், ஒண்ணும் வரல. ஆனா அவங்களுக்கு தெரு பேரு ஞாபகம் இருந்துச்சு, முக்குல ஒரு சர்ச் இருந்ததும் ஞாபகம் இருந்துச்சு. அது போதும். ஏன்னா சென்சஸ் தாளெல்லாம் பேர் வரிசைல அடுக்கினது இல்ல, எடத்த வெச்சு அடுக்கினது. நாட்டையே சின்ன சின்ன வட்டாரமா பிரிச்சிருப்பாங்க, ஒரே ஆளு குறிச்ச நாளுக்குள்ள கணக்கு எடுத்து முடிக்கிற அளவு. அதுக்கு பேரு எனுமரேஷன் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமா ஈ.டி. உங்க தெரு எந்த ஈ.டி.ல வருதுன்னு கண்டுபுடிக்க ஸ்டீபன் மோர்ஸ்ங்கறவரு ஒரு சைட் வெச்சிருக்காரு, ஒன் ஸ்டெப்ன்னு பேரு, மாநிலம், கவுண்டி, ஊரு, தெரு, குறுக்கு தெருன்னு ஒவ்வொண்ணா குடுக்க குடுக்க ஈ.டி. நம்பர் கொறைஞ்சு கொறைஞ்சு கடைசில ஒண்ணு ரெண்டுல வந்து நிக்கும். முக்கு சர்ச் ஞாபகம் இருந்தது இங்கதான் ஒதவுச்சு, சர்ச் இருக்கற குறுக்கு தெருவ போட்டதும் ரெண்டே நம்பர்தான் மிச்சம்.

அந்த நம்பர ஆர்கைவ்ஸ் சைட்ல போட்டா அந்த வட்டாரத்தோட எல்லா பக்கமும் வரிசையா வரும். 1950 தாள்ல ஒரு பக்கத்துக்கு 30 வரி, இடது ஓரத்துல தெரு பேரு செங்குத்தா எழுதியிருக்கும், பக்கத்துல வீட்டு நம்பர். தெரு பேர மட்டும் பாத்துக்கிட்டே தள்ளிக்கிட்டு போங்க, ஆள் பேர படிக்கவே வேண்டாம். நாங்க தெருவ கண்டுபுடிச்சுட்டோம், எதிர் வீடு இருக்கு, அடுத்த வீடு இருக்கு, அவங்க வீடு மட்டும் இல்ல. பாட்டி முகமே வாடி போச்சு. அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, முதல் தடவ போனப்போ ஆள் இல்லாத வீட்ட எல்லாம் தனியா 71-ம் ஷீட்ல இருந்து எழுதுவாங்க, அது கடைசில இருக்கும். கடைசி பக்கங்களுக்கு போனோம், 71-ம் ஷீட்ல இருந்தாங்க. அப்பா, அம்மா, அப்பாவோட அம்மா, ஆறு வயசுல இவங்க, இன்னும் ஒரு வயசு முடியாத தம்பி. தம்பிக்கு வயசு கட்டத்துல நம்பருக்கு பதிலா நவம்பர்ன்னு எழுதியிருந்துச்சு, ஒரு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைக்கு பொறந்த மாசத்த எழுதறது வழக்கம். பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொன்னாங்க, "அப்பாவுக்கு பேக்கரில ராத்திரி வேலை, பகல்ல தூங்குவாரு, அம்மா தையல் ஃபேக்டரிக்கு போயிருவாங்க, பாட்டிக்கு இங்கிலீஷ் வராது, யாரு தட்டினாலும் கதவ தொறக்க மாட்டாங்க, அதான் கடைசி பக்கத்துல இருக்கோம்". இன்டெக்ஸ்ல ஏன் கிடைக்கலன்னும் அப்போதான் தெரிஞ்சுது, குடும்பப் பேரோட முதல் எழுத்தே வேற எழுத்தா ஏறியிருந்துச்சு.

தெருவே தெரியலன்னா? பழைய கடித கவர், பர்த் சர்டிபிகேட், குடியுரிமை பேப்பர், அந்த காலத்து சிட்டி டைரக்டரி (ஊர்க்காரங்க பேரும் அட்ரஸும் போட்ட புத்தகம்), எதுலயாவது அட்ரஸ் இருக்கும். ஆம்பளைங்களுக்கு ரெண்டாம் உலகப்போர் டிராஃப்ட் கார்டு, அதாவது ராணுவத்துக்கு பேர் பதிஞ்ச கார்டு, இருக்கு, 1942-ல 1877-க்கும் 1897-க்கும் நடுவுல பொறந்தவங்களையே கூப்பிட்டு பதிவு பண்ணாங்க, அதனால வயசான தாத்தாவோட அட்ரஸ் கூட அதுல கிடைக்கும்.

பக்கம் கிடைச்சதும் நம்ம ஆளு இருக்கற வரிய மட்டும் படிச்சுட்டு மூடிராதீங்க, தயவுசெஞ்சு முழு பக்கத்தையும், முன்னாடி பின்னாடி ஒரு பக்கத்தையும் படிங்க. அக்கா தங்கச்சி, மாமனார் வீடு, ஒரே ஊர்ல இருந்து வந்தவங்க எல்லாம் பெரும்பாலும் பக்கத்து பக்கத்துலதான் குடியிருந்தாங்க. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு கேள்வி இருக்கும், அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 1850-க்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேரு மட்டும்தான் இருக்கும். 1850, 1860-ல அடிமையா வெச்சிருந்தவங்கள தனி தாள்ல பேரே இல்லாம வயசு, ஆணா பொண்ணா, நெறம்ன்னு எழுதுனாங்க, அதனால கறுப்பின குடும்பங்கள் நெறைய பேருக்கு முன்னோர் பேரோட வர்ற முதல் சென்சஸ் 1870தான், அந்த கொடுமை அப்படியே தாள்ல தெரியும். 1880-ல இருந்து தலைவருக்கு என்ன உறவுன்னு கட்டம் வருது. 1900-ல பொறந்த மாசமும் வருஷமும் இருக்கு. 1930-ல வீட்ல ரேடியோ இருக்கான்னு கேட்டிருக்காங்க. 1940-ல 1935-ல எங்க இருந்தீங்கன்னு ஒரு கேள்வி உண்டு, அதே 1940 தாள்ல ஒரு பேருக்கு பக்கத்துல வட்டம் போட்டு உள்ள பெருக்கல் குறி இருந்தா அவங்கதான் பதில் சொன்ன ஆளுன்னு அர்த்தம், எட்டு பேர் வயசும் தப்பா இருந்தா யாரு சொன்னாங்கன்னு பாருங்க, புரியும்.

1940-லயும் 1950-லயும் அப்பா அம்மா எந்த நாட்டுல பொறந்தாங்கன்னு எல்லாரையும் கேக்கல, குறிப்பிட்ட சில வரில விழுந்தவங்கள மட்டும்தான் கேட்டாங்க, 1940-ல 40 வரிக்கு 2, 1950-ல 30 வரிக்கு 6. அது பக்கத்தோட அடில தனியா இருக்கும், கண்டிப்பா கீழ வரைக்கும் பாருங்க.

வயசு முன்ன பின்ன இருந்தா இது நம்ம ஆளு இல்லன்னு தள்ளிராதீங்க, சென்சஸ் தேதியே மாறி மாறி வந்திருக்கு. 1898 பிப்ரவரில பொறந்தவர எடுத்துக்கோங்க: 1910-ல கணக்கு தேதி ஏப்ரல் 15, வயசு 12. 1920-ல ஜனவரி 1, அதனால 21தான். 1930-ல ஏப்ரல் 1, அதனால 32. மூணுமே சரிதான். பொறந்த நாடும் அப்படித்தான், 1910-ல ஆஸ்திரியான்னு இருந்தவருக்கு 1920-ல போலந்துன்னு இருக்கும், ஆளு மாறல, முதல் உலகப்போர்ல எல்லை மாறிடுச்சு.

நம்ம பக்கத்து ஆளுங்க அங்க இருக்காங்களான்னு கேப்பீங்க. இருக்காங்க. 1920, 1930, 1940 சென்சஸ்ல இனம்ங்கற கட்டத்துல இந்தியாவுல இருந்து போனவங்கள சீக்கியரோ முஸ்லிமோ யாரா இருந்தாலும் இந்துன்னுதான் எழுதினாங்க, கலிஃபோர்னியா இம்பீரியல் பள்ளத்தாக்குல விவசாயம் பண்ண பஞ்சாபிங்க, அவங்களோட மெக்சிகன் மனைவிங்க, கொழந்தைங்கன்னு அந்த பக்கங்கள்ல பாக்கலாம். ஆனா நம்ம நாட்டு சென்சஸ்ல இந்த மாதிரி தேட முடியாது. 1948 சென்சஸ் சட்டம் 15-வது பிரிவு தனி ஆள் விவரத்த யாரும் பாக்க கூடாதுங்குது, இத்தன வருஷம் கழிச்சு தொறப்போம்ங்கற பேச்சும் அதுல இல்ல. நம்ம தாத்தா பாட்டி பேரும் ஒரு தாள்ல எங்கயோ ஏறியிருக்கும், அத பாக்க வழி இல்லங்கறது எனக்கு மனசு ஆறல.

1960-ல இருந்து உள்ளது ஒருவேள பென்ஷனுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ வேணும்னா, சென்சஸ் ஆபீஸ்ல பிசி 600ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, ஃபீஸ் கட்டி உங்களோடத நீங்க வாங்கலாம், இறந்தவங்களோடத வாரிசு ஆதாரம் காட்டி வாங்கலாம். கிடைக்கற ஒவ்வொரு பக்கத்துக்கும் மாநிலம், கவுண்டி, ஈ.டி. நம்பர், ஷீட், வரி, அஞ்சையும் ஃபைல் பேர்லயே எழுதி சேவ் பண்ணுங்க, ஆறு மாசம் கழிச்சு எங்க எடுத்தோம்னு தேடுறது பெரிய வேதனை.

இன்னொரு விஷயம், நாடு முழுக்க எடுத்தது போக சில மாநிலங்கள் நடுவுல தனியாவும் எடுத்திருக்கு. நியூ யார்க்ல 1905, 1915, 1925 இருக்கு. நியூ ஜெர்சில 1905, 1915 இருக்கு. எங்க பாட்டிக்கு இதுதான் பெருசா ஒதவுச்சு. 1900, 1910 சென்சஸ்ல கல்யாணமான பொம்பளைங்கள எத்தன கொழந்தை பெத்தீங்க, எத்தன உயிரோட இருக்குன்னு கேட்டிருப்பாங்க. அவங்க பாட்டியோட 1910 வரில 3, பக்கத்து கட்டத்துல 2. வீட்ல ரெண்டு பொண்ணுங்கதான், எங்க பாட்டியோட அப்பா 1912-லதான் பொறந்தாரு. மூணாவது கொழந்தைய பத்தி அந்த குடும்பத்துல யாருமே பேசினதில்லயாம். 1905 மாநில சென்சஸ எடுத்தோம், அதே தெரு, ரெண்டு வீடு தள்ளி, புருஷன், பொண்டாட்டி, ரெண்டு மாசத்துல ஒரு ஆம்பள கொழந்தை. பேர படிச்சு காட்டினேன். அது அவங்க அப்பாவோட பேரு. முதல் பையனுக்கு தாத்தா பேரு வெக்கிறதும், அது தவறிட்டா அடுத்து பொறக்கற பையனுக்கு அதே பேர வெக்கிறதும் அவங்க ஊர் பழக்கமாம். "அப்பாவுக்கே தெரிஞ்சிருக்காது"ன்னாங்க, பக்கத்த ரெண்டு காபி பிரிண்ட் எடுக்க சொன்னாங்க, ஒண்ணு தம்பிக்கு.