ஃபார்முலா 1-ல் இறங்கும் புதிய அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய ஃபார்முலா 1 அணி ஒன்று மூடப்பட்டால், "கார் மெதுவாக இருந்தது", "டிரைவர்கள் சரியில்லை" என்று காரணம் சொல்லிவிடுகிறோம். கார் மெதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது ஏன் அப்படி ஆனது என்று தேடிக்கொண்டே பின்னால் போனால், முதல் பந்தயத்துக்குப் பல மாதங்கள் முன்பு எடுத்த ஏதோ ஒரு முடிவில்தான் போய் நிற்போம். அந்த முடிவுகளில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எல்லாவற்றிலும் மோசமானது, காருக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று பார்க்காமல் வேறு யாரோ சொல்லும் தேதியை ஏற்றுக்கொள்வது. 1997-ல் லோலாவுக்கு நடந்ததைப் பாருங்கள். லோலா அனுபவமில்லாத நிறுவனம் அல்ல. எரிக் பிராட்லி 1958-ல் தொடங்கியது. பல வகைப் பந்தயங்களுக்குக் கார் கட்டி விற்று, உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருந்தது. சொந்த அணியாக 1998-ல் ஃபார்முலா 1-க்கு வருவதுதான் திட்டம். பெரிய ஸ்பான்சராக வந்த மாஸ்டர்கார்டு ஒரு வருடம் முன்னதாகவே கார் ஓட வேண்டும் என்றது. லோலாவும் சரி என்றது. கிடைத்த சில மாதங்களில் காரைக் கட்டினார்கள். விண்ட் டனலில், அதாவது கார் மீது காற்றைச் செலுத்திப் பார்க்கும் கூடத்தில், அதைச் சோதிக்கக்கூட நேரம் இல்லை. திட்டமிட்டிருந்த சொந்த வி10 இன்ஜினும் தயாராகவில்லை; பழைய ஃபோர்டு வி8-ஐப் பொருத்தினார்கள். மெல்போர்ன் தகுதிச் சுற்றில், முதலிடம் பிடித்த ஜாக் வில்நவ்வை விட வின்சென்சோ சொஸ்பிரி 11 நொடிக்கு மேலும், ரிக்கார்டோ ரொசெட் 12 நொடிக்கு மேலும் பின்தங்கினார்கள். முதலிட நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது அன்றைய விதி. இரண்டு கார்களுமே வெளியே. அடுத்த பந்தயத்துக்காகப் பிரேசில் வரை போனவர்கள், கார் தடத்தில் இறங்கும் முன்பே விலகிவிட்டார்கள். அதே 1997-ல் தாய் நிறுவனமும் கடனில் மூழ்கிக் கைமாறியது. நாற்பது வருடப் பெயருக்கு இப்படி ஒரு முடிவு வந்ததை இன்று படித்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இதற்குள்ளேயே இரண்டாவது தவறும் இருக்கிறது: வரும் என்று நம்பிய பணத்தை வந்த பணமாகக் கணக்கிடுவது. மாஸ்டர்கார்டு தருவதாக இருந்த தொகை, ரசிகர்களுக்கான ஒரு கிளப்பில் எத்தனை பேர் சேருகிறார்கள் என்பதை வைத்து அமைந்திருந்தது. கார் தோற்றதும் அந்தக் கணக்கு கவிழ்ந்தது.

2010-ல் இதே தவறு வேறு உருவத்தில் வந்தது. செலவுக்கு 4 கோடி பவுண்டு உச்சவரம்பு வரும் என்று கார் பந்தயங்களை நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ-வின் அன்றைய தலைவர் மாக்ஸ் மோஸ்லி முன்வைத்த திட்டத்தை நம்பித்தான் புதிய அணிகள் விண்ணப்பித்தன. பெரிய அணிகள் எதிர்த்ததால் அந்த வரம்பு வரவே இல்லை. அப்புறம் என்ன, சிறிய பட்ஜெட்டோடு ஃபெராரி, மெக்லாரனுக்கு எதிராக நிற்க வேண்டியதாயிற்று. முதலில் தேர்வான அணிகளுக்கே 2009 ஜூனில்தான் இடம் கிடைத்தது, 2010 மார்ச்சில் முதல் பந்தயம். யுஎஸ் எஃப்1 அணியின் கார் தடத்துக்கே வரவில்லை. ஹிஸ்பானியா அணியின் கருண் சந்தோக், பஹ்ரைனில் தன் காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். ஒரு டிரைவருக்கு இதைவிடக் கடினமான அறிமுகம் இருக்க முடியாது. அந்த வருடம் அறிமுகமான லோட்டஸ், வர்ஜின், ஹிஸ்பானியா ஆகிய மூன்றில் எதுவும் 2013 முடியும்வரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வாக்குறுதியாக இருக்கும் விதியை வைத்து பட்ஜெட் போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் முதல் நாளிலேயே சொந்தமாக, புதுமையாகச் செய்ய நினைப்பது. வர்ஜின் அணி விண்ட் டனலே வேண்டாம் என்று முடிவு செய்து, கணினிக் கணிப்பை மட்டும் நம்பி 2010 காரை வடிவமைத்தது. கூடவே எரிபொருள் தொட்டி சிறிதாகப் போய், காரின் அடிப்படைக் கூடான சேசிஸையே மாற்ற வேண்டி வந்தது. பணம் குறைவு என்பதால்தான் இப்படி என்று சொல்ல முடியாது. டொயோட்டாவிடம் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. இன்ஜின், கார் இரண்டையும் ஜெர்மனியின் கொலோனில் தானே கட்டியது. 2001 முழுக்கச் சோதனை ஓட்டம் நடத்தியது. ஆனாலும் 2002 முதல் 2009 வரை எட்டு சீசன்களில் ஒரு வெற்றிகூட இல்லை.

ஹாஸ் அணி போன வழி வேறு. 2014-ல் அனுமதி கிடைத்தும் 2015-ல் அவசரப்பட்டு இறங்காமல் 2016 வரை காத்திருந்தது. விதி அனுமதித்த பாகங்களை இன்ஜின், கியர்பாக்ஸ் உட்பட ஃபெராரியிடம் வாங்கியது. சேசிஸைக் கட்டும் வேலையை இத்தாலியின் பந்தயக் கார் நிறுவனமான டல்லாராவிடம் கொடுத்தது. "இது சொந்த அணியே இல்லை" என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விதிக்குள் நின்று செய்த புத்திசாலித்தனம் அது. முதல் பந்தயத்திலேயே ரொமேன் க்ரோஜான் ஆறாவதாக வந்தார். 2026 சீசனுக்கு அனுமதி பெற்ற காடிலாக்கும் ஃபெராரி இன்ஜினோடு தொடங்கி, ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த இன்ஜினைப் பிறகு கொண்டுவருவது என்றுதான் திட்டமிட்டது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. முதல் வருடம் தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பரிசுப் பணம் ஒவ்வொரு வருடமும் அணிகளுக்கான தரவரிசையைப் பொறுத்தது. வர்ஜினின் வழிவந்த மேனர் அணி, 2016-ல் ஆஸ்திரியாவில் பாஸ்கல் வெர்லைன் எடுத்த ஒரே ஒரு புள்ளியால் பத்தாவது இடத்தில் இருந்தது. பிரேசிலில் கொட்டிய மழையில் சாபர் அணியின் ஃபெலிபே நாசர் ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளிகள் எடுத்தார். மேனர் பதினொன்றுக்குப் போனது. அந்த ஒரு இடத்தோடு பெரும் தொகையும் போயிற்று. 2017 ஜனவரியில் அணி திவால் நிர்வாகத்துக்குள் போய், சில வாரங்களில் மூடப்பட்டது. தரவரிசையில் கடைசியாக வந்தாலும் அடுத்த சீசனை நடத்தும் அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதை, விண்ணப்பிக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.