பிரிவில் முடியும் நட்பு: 32 பக்கப் படக்கதை செய்வது எப்படி?

நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளுக்கான பிரிவுக் கதையில் யார் மேலும் தப்பு இருக்கக் கூடாது. சண்டை போட்டுப் பிரிந்தால் குழந்தையின் மனம் நியாயம் கேட்கப் போய்விடும், ஏக்கம் மனதில் தங்காது. கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்வோம். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இந்தத் திருநெல்வேலிச் சீமைக் குளத்துக்கு வரும். வெயில் ஏறினால் கிளம்பிவிடும். கரையில் ஒரு சிறுமி, தண்ணீரில் ஒரு வாத்து. கதைக்கு இவ்வளவு போதும்.

எழுதும் முன்பே எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் பின் அடியுங்கள். 32 பக்க மாதிரி கையில் வந்துவிடும். முதல் பக்கம் தலைப்பு, 2-3 பதிப்பு விவரமும் சமர்ப்பணமும். 4-5 தொடங்கி 30-31 வரை 14 விரிபக்கங்கள் (விரித்தால் ஒன்றாகத் தெரியும் இரண்டு பக்கங்கள்) கதைக்கு, 32 தனிப்பக்கம். வாத்து போய்விட்டது என்பது பத்தாவது விரிபக்கத்தில், அதாவது 22-23இல் தெரியட்டும். 21ஆம் பக்கத்தின் வலது ஓரத்தில் சிறுமி கரையேறி ஓடுகிறாள். தாளைத் திருப்பினால் வெறும் குளம், ஒரு எழுத்துகூட இல்லை. இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் கெட்டது. சிறுமி ஓடுவதைப் பார்க்கும் முன்பே குழந்தையின் கண் வெறுமையைப் பார்த்துவிடும்.

அது காட்டுப் பறவை, இடமோ சரணாலயம். கட்டிப்பிடிப்பது, மடியில் வைத்து ஊட்டுவதெல்லாம் பொய்யாகிவிடும். நட்பைத் தூரத்தால் வரையுங்கள். முதல் படத்தில் இருவருக்கும் நடுவே குளத்தின் பாதி அகலம். பக்கம் போகப் போக இடைவெளி குறைந்து, எட்டாவது விரிபக்கத்தில் நாலு முழம். அதற்கு மேல் நெருங்க வேண்டாம். வாத்துக்கு அலகிலிருந்து வால் வரை முக்கால் மீட்டர் நீளம். அதையும் சிறுமியின் உயரத்தையும் ஒரே தாளில் பக்கம், பின், உட்கார்ந்த நிலை என்று பல கோணத்தில் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஏழாம் பக்கத்தில் கோழியளவு இருந்தது பதினேழில் மயிலளவு ஆகிவிடும். தலைக்குப் பின்னால் கறுப்புப் பட்டை இரண்டு, மூன்றல்ல.

சொற்கள் மொத்தம் 300க்குள், ஒரு விரிபக்கத்துக்கு 25க்கு மேல் வேண்டாம். படத்தில் தெரிவதை எழுத்து திரும்பச் சொன்னால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ‘அவள் மிகவும் வருந்தினாள்’ என்பதே முதலில் போக வேண்டிய வரி. பள்ளிக்கூடப் பை தோளில் இருக்க, கரையிலேயே நிற்கிறாள் என்று படம் காட்டட்டும். எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல், வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. நெருக்கினால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘ழீ’யும் முட்டிக்கொள்ளும். இருபுறமும் சமப்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டை விழும்.

சோகம் என்றதும் சாம்பல் நிறமும் மழையும் வரைவது இரவல் பழக்கம். இங்கே வாத்து போவது கோடைக்கு முன்னால். தண்ணீர் வற்றி, சேறு வெடித்து, வெளிறிய மஞ்சள் பரவட்டும். சங்கப் பாட்டில் பிரிவுக்குப் பாலை நிலத்தைத் தந்தவர்கள் நாம். நிறம் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

முடிவில்தான் பலர் பயந்து புது நண்பனைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அது ஆறுதல் இல்லை, பழையவனை மறக்கச் சொல்வது. கடைசி இரண்டு விரிபக்கங்களில் மழை பெய்து குளம் நிறையட்டும், வானத்தில் ஒரு கூட்டம் தெரியட்டும். எல்லா வாத்துக்கும் அதே இரண்டு பட்டை. எது அவளுடையது என்று சிறுமிக்கும் தெரியாது, நீங்களும் சொல்லாதீர்கள்.

நீர்வண்ணம் என்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) தாள், அளவு அச்சளவே. நாலு ஓரமும் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள். நடு மடிப்பின் இருபுறமும் ஒரு செ.மீ.க்குள் முகமோ எழுத்தோ வராமல் பாருங்கள். ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). எழுத்துருவைப் பிடிஎஃப்பில் உட்பொதிக்காவிட்டால் அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறும். மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கலாக்கும். வெளிறிய மஞ்சளுக்கு 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் தாள், அதாவது பளபளக்காத பூச்சுத் தாள், பொருந்தும். எதில் அடித்தாலும் 22-23ஐ மட்டும் அதே தாளில் ஒரு பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.