வெள்ளம் வடிஞ்சதும் நீர்ப்பிடிப்பு பகுதிய ஆய்வு பண்றவங்க செய்யற தப்புங்க: அடையாறு நமக்கு காட்டினது

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு என்ன காரணம்னு சென்னைல யார கேட்டாலும் செம்பரம்பாக்கம் ஏரில விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணி திறந்துவிட்டதுன்னுதான் சொல்வாங்க. அந்த திறப்ப பத்தி கண்டிப்பா கேள்வி கேக்கணும், அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கையே கேட்டுச்சு. ஆனா அதோட ஆய்வ நிறுத்துறதுதான் பெரிய தப்பு. ஏன்னா செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாறுல சேர்றதே திருநீர்மலை பக்கம்தான், முடிச்சூர், வரதராஜபுரமெல்லாம் அதுக்கு மேல இருக்கு, அப்புறம் எப்படி அங்க வீடு முங்குச்சு? ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம்னு மேல இருக்குற ஏரிங்க நிரம்பி, கலங்கல் (உபரி நீர் வழியறதுக்குன்னு கட்டின இடம்) தாண்டி வந்த தண்ணி அது. அதனால தண்ணி நின்ன இடத்துல ஆரம்பிக்காதீங்க, மேல போய் ஒவ்வொரு ஏரியோட கரை, மதகு, கலங்கல், போக்குக் கால்வாய்னு நடந்து பாருங்க. கிராம வரைபடத்த கைல வச்சுக்கோங்க, அதுல கால்வாய்னு இருக்குற எடத்துல இப்ப மனைப்பிரிவு ரோடு ஓடும்.

அடுத்து, ஒரு நாள் மழைய மட்டும் கணக்குல எடுக்கறது. தாம்பரத்துல அந்த டிசம்பர் வெள்ளத்தப்ப ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சு, சரி, ஆனா நவம்பர்லயே நுங்கம்பாக்கத்துல 1,049 மி.மீ. பெஞ்சு முடிஞ்சிருந்துச்சு, மண்ணு ஊறிப்போய் ஏரியெல்லாம் ரொம்பி நின்னப்ப விழுந்த மழைங்க அது, அதே மழை காஞ்ச ஏரில விழுந்திருந்தா கதையே வேற.

சிட்டிக்குள்ள மட்டும் தூர் வாரிட்டு வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கறதும் தப்பு. அதுக்காக மேல மட்டும் கால்வாய அகலப்படுத்தினாலும் தண்ணி கீழ சீக்கிரமா வந்து சேரும், அந்த வேகத்த கீழ இருக்குற பாலங்க, ஆத்துக்கு மேலயே போற ஏர்போர்ட் ரன்வே எல்லாம் தாங்குமான்னு அளக்காம மேல கை வச்சா ஒரு ஊர் வெள்ளம் அடுத்த ஊருக்கு போகும், அவ்ளோதான். ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல மணல் மூடியிருக்கான்னும் பாக்கணும்.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருக்கறது தாமதம்தான். செவத்துல படிஞ்ச சேத்துக்கோடுதான் வெள்ளம் எவ்ளோ உயரம் வந்துச்சுங்கறதுக்கு சாட்சி, ஜனங்க பொங்கலுக்கு வெள்ளை அடிச்சா போச்சு. கமிட்டி உத்தரவு வரட்டும்னு உக்காராம முதல் வாரத்துலயே டேப், கேமராவோட போய் அளந்து எழுதிக்கணும், எத்தன மணிக்கு, எந்த பக்கத்துலருந்து தண்ணி ஏறுச்சுன்னு தெருத்தெருவா கேக்கணும், குறிப்பா ஏரி மதகு பாத்த பழைய நீர்கட்டிங்க யாராவது இருந்தா அவங்கள முதல்ல கேளுங்க, எந்த கலங்கல யார் ஒசத்தி கட்டினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.