வைஃபை முழுசா காட்டுது, நெட் வரல: கூட்டம் மாறும் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது எப்படி?

பெருங்குடியில் ஒரு கோவொர்க்கிங் அலுவலகத்தின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறேன். ஒருநாள் மதியம் 3 மணிக்கு வரவேற்பறையிலிருந்து போன்: "சார், வைஃபை முழுசா காட்டுது, ஆனா நெட் வரல." போய் ஒரு லேப்டாப்பைத் திறந்தேன். ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தது. ரவுட்டர் முகவரி தராததால் கணினி தானே வைத்துக்கொண்ட எண் அது. லைனில் எந்தக் கோளாறும் இல்லை. காலையில் பயிற்சி வகுப்புக்கு வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய போன்களுக்குக் கொடுத்த முகவரிகள் மட்டும் திரும்பி வரவில்லை.

படி 1: எண்ணுங்கள்

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி தரும் முறை) கிளையன்ட் பட்டியல் இருக்கும். முகவரி வாங்கிய சாதனங்கள் அதில் தெரியும். ஒரு வாரம், காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு அந்த எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். வழக்கம் எது என்று தெரிந்தால்தான் கோளாறு கண்ணில் படும். பிறகு அதே நெட்வொர்க்கில் இருந்தபடி என்மேப் என்ற நெட்வொர்க் ஸ்கேன் மென்பொருளில் பிங் ஸ்கேன் (எந்தெந்தச் சாதனங்கள் இணைப்பில் இருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பது) ஓட்டுங்கள். அட்மின் உரிமையோடு ஓட்டினால் அது ஏஆர்பி (ஓர் ஐபி முகவரி எந்தச் சாதனத்திடம் இருக்கிறது என்று உள் நெட்வொர்க்கில் கேட்கும் முறை) வழியாகக் கேட்கும். பிங்குக்குப் பதில் சொல்லாத விண்டோஸ் கணினிகளும் தெரியும். உங்கள் பொறுப்பில் உள்ள நெட்வொர்க்கில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

படி 2: லீஸைக் குறையுங்கள்

ஒரு முகவரியை ஒரு சாதனத்துக்கு ரவுட்டர் ஒதுக்கிவைக்கும் காலம்தான் லீஸ். எங்கள் ரவுட்டரில் கடைசி எண் 100 முதல் 199 வரை 100 முகவரிகள், லீஸ் 24 மணி நேரம். வந்துபோகிறவர்கள் அதிகமுள்ள இடத்துக்கு இது சரிப்படாது. பூலை (கொடுக்கக்கூடிய முகவரிகளின் தொகுப்பு) 20 முதல் 250 வரை விரித்து, லீஸை 2 மணி நேரமாக்கினேன். 20-க்குக் கீழே உள்ளவை பிரின்டருக்கும் ஸ்விட்சுக்கும் (கேபிள் சாதனங்களை இணைக்கும் பெட்டி). லீஸைக் குறைத்தால் வேலை செய்பவர்களுக்கு இணைப்பு அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பாதி நேரம் ஆனதுமே சாதனம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

படி 3: வரைபடம்

ஸ்விட்சில் எஸ்என்எம்பியை (சாதனத்தின் நிலவரத்தை வெளியிலிருந்து கேட்டறியும் முறை) இயக்கி, பழைய கணினி ஒன்றில் அதைப் படித்து வரைபடமாகக் காட்டும் லிப்ரேஎன்எம்எஸ் மென்பொருளை நிறுவுங்கள், இலவசம். எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போலப் பயன்படும் 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயரை முதலிலேயே மாற்றிவிடுங்கள். முடிந்தால் பாதுகாப்பு அதிகமுள்ள எஸ்என்எம்பி வெர்ஷன் 3.

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான்: லிப்ரேஎன்எம்எஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கும். 100 எம்பிபிஎஸ் லைன் 30 விநாடி முழுக்க நிரம்பி, மீதி நேரம் சும்மா இருந்தால் வரைபடத்தில் சராசரியாக வெறும் 10 எம்பிபிஎஸ்தான் தெரியும். வீடியோ கால் விக்கியதாக ஒருவர் சொன்னால் வரைபடத்தைக் காட்டி மறுக்காதீர்கள். 1 நிமிடமாக வைக்க நினைத்தால் நிறுவும்போதே வையுங்கள். பிறகு பழைய தரவுக் கோப்புகளையும் மாற்ற வேண்டிவரும்.

படி 4: அலர்ட்

எழுந்து போய் செய்ய வேலை இருக்கும் விஷயங்களுக்கு மட்டும் அலர்ட் வையுங்கள்: ஸ்விட்ச் தொடர்ந்து 3 முறை பதில் தராதது, முகவரிகளில் 80 சதவீதம் தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் வைத்தால் இரண்டே நாளில் போனை சைலன்டில் போட்டுவிடுவீர்கள்.

எதை மாற்றும் முன்பும் ரவுட்டர் கான்ஃபிக்கை பேக்கப் எடுத்து, தேதியும் காரணமும் ஒரு வரி எழுதிவையுங்கள். என் நோட்டில் அன்றைக்கு இருப்பது: "லீஸ் 24 மணி → 2 மணி. வகுப்பு நாள்."